இண்டர்வியூ அறையில் விட்டுவந்தது

சாலைவேம்பு ஊரில் பொறுமையை முதன்முதலில் தொலைத்தவன் பச்சையப்பன். நெடுஞ்சாலைக்கு மேற்கே, முன்பு மல்லாட்டைக் கடலை விளைந்த நிலத்தில் கார்களுக்குக் கண்ணாடி செய்கிற கம்பெனி ஒன்று வந்து, ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு டீக்கடையைத் தாண்டுவதற்குள் அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு போய், ஏசி ஓடிக்கொண்டிருந்த ஓர் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டதற்குச் சொல்லி, இந்தக் கம்பெனிக்கு ஏன் வர நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கும் சொல்லி, உங்களுடைய பலம் என்ன என்று கேட்டபோது கொஞ்சம் கூச்சப்பட்டு, "பொறுமைங்க. யாரு இன்னா சொன்னாலும் எனக்குக் கோவம் வராது" என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். வேலை கிடைத்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்தவன், ரசம் சூடாக இருக்கிறதென்று தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான்.

அவனுடைய அம்மா அன்றைக்கே வெயிலில் நடந்து கம்பெனி கேட்டுக்குப் போனாள். "எம் புள்ள காலைல வந்தப்ப அவன் பொறுமைய உள்ளயே வச்சிட்டு வந்துட்டான். கொஞ்சம் பாத்து எடுத்துக் குடுப்பா" என்று காவலாளியிடம் கேட்டாள். அவர் உள்ளே போய் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மூக்குக் கண்ணாடியும் ஒரு டிபன் பாக்ஸும்தான் கிடக்கின்றன, இரண்டில் எதுவாவது உங்களுடையதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு தில்லைநாயகி போனாள். ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டேன் என்று சொல்லி வேலையை வாங்கிக்கொண்டு வந்தவள், தன் வீடு எந்தத் தெருவில் என்பது மறந்துபோய், பிள்ளையார் கோயில் வாசலில் நின்று, வருகிற போகிறவர்களிடம் நான் யார் வீட்டுப் பெண் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். டீக்கடை மாஸ்டர் கைப்பக்குவம் என்று சொன்னார். அன்று சாயங்காலத்திலிருந்து அவர் போட்ட டீயில் பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக இருந்தன. யாரோடும் ஒத்துப்போவேன் என்று சொன்ன வடக்குத்தெரு முருகையனைப் பார்த்து அவன் வளர்த்த நாயே குரைத்தது. வெறும் வாயால் சொன்னவர்களிடமிருந்து எதுவும் போகவில்லை, அவர்களுக்கு வேலையும் வரவில்லை. உண்மையாகச் சொன்னவர்களுக்கு வேலை வந்தது, சொன்னது அங்கேயே தங்கியது.

தங்கியது வீணாகவும் போகவில்லை. கம்பெனிக் கதவைத் தாண்டிக் காலை வைத்ததுமே யாருக்கும் கோபம் வருவதில்லை, யாருக்கும் எதுவும் மறப்பதில்லை, கேன்டீன் டீ தேவாமிர்தமாக இருக்கிறது என்று உள்ளே போய்வந்தவர்கள் சொன்னார்கள். கொடுத்தவருக்கு மட்டும் அதில் பங்கு கிடையாது. பச்சையப்பன் உள்ளேயும் கத்திக்கொண்டுதான் இருந்தான். சுற்றியிருந்தவர்கள் அவனைப் பொறுத்துக்கொண்டார்கள், அவனுடைய பொறுமையைக் கொண்டே.

சாலைவேம்பு இதை ரொம்ப நாள் அதிசயமாக வைத்துக்கொண்டிருக்கவில்லை. மழை பெய்தால் கூரைக்கு ஓலை மாற்றுவதுபோல இதற்கும் தக்கபடி மாறிக்கொண்டது. பெண் பார்க்க வந்த வீட்டில், மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்பதற்கு முன்னால், மாப்பிள்ளை இண்டர்வியூவில் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் போனால் இரண்டு பேரும் ஒன்றையே சொல்லக்கூடாது என்று மாமியார்கள் சட்டம் போட்டார்கள். திருவிழாவுக்கு மேளம் அடிக்கிற அண்ணன் தம்பிகளை ஊரே கெஞ்சி, தாளத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள், வேறு எதையாவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கோச்சிங் சென்டர் வைத்திருந்த மகிமைதாஸ், முன்பெல்லாம் எப்படித் தன்னம்பிக்கையோடு பதில் சொல்வது என்று கற்றுக்கொடுத்தவன், இப்போது ஆளுக்கு ஆள் உட்கார வைத்து, எது இல்லாமல் உங்களால் காலம் தள்ள முடியும் என்று பொறுமையாக விசாரித்தான். பாட்டுக் குரல் வேண்டாமா, சரி அதைச் சொல்லுங்கள். நன்றாகக் கோலம் போடுவீர்களா, அதைச் சொல்லுங்கள், கோலமாவுக் கடையில் அச்சு விற்கிறது.

மேட்டுத்தெரு அஞ்சலாட்சி அவனிடம் போனபோது அவனுக்கே ஒன்றும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக வெகுகாலம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள் அவள். தைத்து வந்த சட்டையைக் கையில் வாங்கினாலே எங்கே நூல் பிரிந்திருக்கிறது, எங்கே தையல் ஓடியிருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். புருஷன் தணிகாசலம் லாரி ஓட்டினான். பெண் கல்யாணி பெரியவள், பையன் அன்பரசு சின்னவன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில், ஊருக்குத் தெற்கே கைவிட்டுப்போன கல்குவாரிக் குட்டையில் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்ததைப் பார்க்கப் போன அன்பரசு திரும்பி வரவில்லை. அவனை எடுத்துப்போட்ட இடத்துக்குத் தணிகாசலம் லாரியிலேயே வந்தான். இறங்கினவனுக்கு வலதுகால் மரத்துப்போயிருந்தது. டாக்டர்கள் நரம்பைத் தட்டிப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். கால் மட்டும் பெடலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டது. அஞ்சலாட்சிக்கோ மழை. மழை பெய்யத் தொடங்கினால் எங்கே நிற்கிறாளோ அங்கேயே நின்றுவிடுவாள். அரிசி களைந்த கை அரிசியிலேயே இருக்கும். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் காது கேட்கும், கால் நகராது. மழை விட்ட பிறகுதான் மூச்சு ஒன்றை இழுத்து விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மழைக்காலம் பூராவும் நின்றுகொண்டே இருக்கிற செக்கருக்கு எத்தனை நாள் இடம் கொடுப்பார்கள்?

"பொறுமையச் சொல்லலாமா?" என்று மகிமைதாஸ் கேட்டான்.

"பொறுமைய உட்டுட்டு எங்க வூட்டுக்காரர எப்பிடிப் பாத்துக்கறது தம்பி? கட்டில உட்டு எழுந்திரிக்காத ஆளு."

"சிக்கனம்?"

"அதுலதான் சோறு வேவுது."

"கை வேலை? அந்த செக்கிங்?"

"அது போச்சுன்னா அந்த வேலையில நான் இன்னா பண்றது?"

அவன் கன்னத்தைச் சொறிந்துகொண்டான். "சரிக்கா. பலத்துக்கு, நான் எல்லார் கூடவும் சேர்ந்து வேலை செய்வேன்னு சொல்லுங்க. பலவீனம் என்னன்னு ஒண்ணு கேப்பாங்க. அதுக்கு, வேலைன்னு வந்துட்டா வீட்டையே மறந்துடுவேன், அதான் என் பலவீனம்னு சொல்லுங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அது பொய்யின்னு அவங்களுக்கும் தெரியும். ஆனா ஒண்ணும் ஆகாது."

"வேல குடுப்பாங்களா?"

"அதைத்தான் சொல்ல முடியாது" என்றான் மகிமைதாஸ்.

இண்டர்வியூ எடுத்த அதிகாரி பெயர் கோகிலவாணி. பெருந்துறைப் பக்கத்துப் பெண், முப்பதைத் தாண்டியிருப்பாள், கல்யாணமாகவில்லை. ஊர்க்காரர்கள் கற்பனை செய்துவைத்திருந்தது போல அவள் மந்திரக்காரியும் இல்லை, கொடுமைக்காரியும் இல்லை. மேலே இருந்து அனுப்பிய கேள்விகளைக் கேட்டாள், அவ்வளவுதான். உண்மையாகச் சொல்லும்போது அறையில் காற்று ஒரு சுற்று கனத்துவிடுவது அவளுக்குத் தெரியும். தேர்ந்தெடுக்க அது வசதியாக இருந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

"உங்களைப் பத்தி சொல்லுங்க."

அஞ்சலாட்சி சொன்னாள்.

"செக்கிங்ல நல்ல அனுபவம் இருக்குதுங்க. அப்புறம் ரெண்டு வருஷமா எங்கயும் வேலை செய்யலையே, ஏனுங்க?"

"வூட்டு வேல இருந்துச்சுங்க மேடம்."

"உங்களோட பலம் என்ன?"

"எல்லாரு கூடவும் சேந்து வேல செய்வேங்க."

கோகிலவாணி பேனாவை மூடி வைத்தாள். அந்தச் சின்னச் சத்தத்திலேயே அஞ்சலாட்சிக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணியின் படிப்பு, தணிகாசலத்தின் மாத்திரை, வாடகை வீட்டுக்காரம்மாவின் முகம் எல்லாம் அந்த மூடியோடு மூடிக்கொண்டன. அதிகாரி மிச்சமிருந்த கேள்வியையும் கேட்டு முடித்துவிடலாம் என்கிற குரலில், "உங்களோட பலவீனம் என்னங்க?" என்றபோது, அஞ்சலாட்சி மனப்பாடம் செய்துவைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஜன்னலில் மழை விழுந்தது. பருவத்துக்கு முந்தின, யாரும் எதிர்பார்க்காத ஆவணி மழை. அவள் கை மடியிலும் கால் தரையிலும் நின்றுவிட்டன. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது, திறந்த வாயிலிருந்து உண்மை வந்தது.

"மழதாங்க. மழ பெஞ்சா எனக்குக் கையும் காலும் ஓடாது. எம் புள்ள குட்ட ஓரமா நின்னுகினு அம்மா அம்மான்னு கூப்புடுற மாதிரியே இருக்கும். அவன் நனஞ்சிகினு இருக்கான், நான் துண்டு எடுத்துகினு போவலன்னு இருக்கும். அது மழ உடற வரைக்கும் இருக்கும்."

காற்று கனத்தது. ஏசி ஓடுகிற சத்தம் அஞ்சலாட்சிக்குத் திடீரென்று தெளிவாகக் கேட்டது. அவள் எழுந்து நின்றாள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே எழுந்து நின்றாள்.

"திங்கக்கிழமை வந்துருங்க" என்றாள் கோகிலவாணி. அவளுடைய கை மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அஞ்சலாட்சி நனைந்தாள். மண்வாசனை, செருப்பில் ஒட்டுகிற சேறு, தகரக் கூரைகளில் விழுகிற சத்தம் எல்லாம் ரொம்ப நாளைக்கு முன்னால் ஊரைவிட்டுப் போன உறவுக்காரர்கள் மாதிரி ஒவ்வொன்றாக வந்து அவளை விசாரித்தன. குவாரிக் குட்டை ஓரமாகத்தான் பாதை. வெறும் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு தாண்டினாள்.

தணிகாசலம் கட்டிலில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை வந்தால் அவள் நிற்பாள், அவன் உட்கார்ந்திருப்பான், இருவரும் ஒன்றும் பேசாமல் ஒரே இடத்துக்குப் போய்வருவார்கள். இந்த இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருந்தது அந்த நேரங்களில் மட்டும்தான். அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்து, "வேல கெடச்சிடுச்சி. காப்பித்தூளு இருக்கா?" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான், அப்புறம் வெளியே பெய்கிற மழையைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"இன்னாத்தச் சொன்ன அங்க?"

அவள் சொன்னாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

கல்யாணிக்குத்தான் சந்தோஷம். அம்மா நடக்கிறாள், அம்மா சிரிக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியோடு படியில் நின்று கதை பேசுகிறாள். அஞ்சலாட்சிக்கு எதுவும் மறந்துவிடவில்லை. அன்பரசு பிறந்த ஆஸ்பத்திரி, அவனுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல், அவனை எடுத்துப்போட்ட கல் எல்லாம் ஞாபகம் இருந்தன. பேப்பரில் படித்த யாரோ ஒரு வீட்டுச் செய்தி மாதிரி இருந்தன. ஒருநாள் பரணிலிருந்து அவன் சட்டைகளை எடுத்து, நல்லதாக இருக்கிறதே, யாருக்காவது கொடுக்கலாமே என்றாள். கல்யாணி அன்றைக்குத்தான் பயந்தாள். சட்டைகளை வாங்கித் தன் புத்தகப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

ஊர் வேறு ஒன்றைப் புரிந்துகொண்டது. பலத்தைப் போலவே பலவீனத்தையும் அங்கே விட்டுவரலாம்! இது தெரியாமல் இத்தனை நாள் நல்லதையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினோமே என்று ஊரே தலையில் அடித்துக்கொண்டு கிளம்பியது. குடிக்காமல் இருக்க முடியாதவன் போய்க் குடியைச் சொன்னான். சந்தேகப்பட்டே பெண்டாட்டியை அம்மா வீட்டுக்கு ஓட்டியவன் போய்ச் சந்தேகத்தைச் சொன்னான். இருட்டுக்குப் பயந்தவர்கள், அடுத்தவர் வீட்டு அடுப்பைப் பார்த்துப் பொருமியவர்கள், படுக்கையை விட்டு எழச் சோம்பல்பட்டவர்கள் எல்லாரும் துவைத்த துணி உடுத்தி வரிசையில் நின்றார்கள். சொன்னதெல்லாம் உண்மை என்பதால் எல்லாருக்கும் வேலை கிடைத்தது. மகிமைதாஸ் கோச்சிங் சென்டரைப் பூட்டிவிட்டுச் செல்போன் கடை வைத்தான். சாலைவேம்புத் தெருக்களில் அந்தப் புரட்டாசி முழுக்கச் சண்டை சத்தமே இல்லை. கம்பெனிக்குள்ளே ஷிப்ட் முடிவதற்குள் எல்லாருக்கும் நாக்கு வறண்டு சாராயம் கேட்டது, பக்கத்து லைன்காரன் தன்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியது, காரணமில்லாமல் கண்ணாடிகள் விரிசல் விட்டன.

ஐப்பசி பிறந்ததும் மழை வந்தது.

அஞ்சலாட்சிக்குக் கீறல் பார்க்கிற வேலை. டியூப்லைட் வெளிச்சத்துக்கு முன்னால் பெரிய கண்ணாடி வந்து நிற்கும், அவள் கண்ணை ஓட்டிப் பார்த்து, துணியால் துடைத்து அனுப்புவாள். அன்றைக்குக் காலை, ஷெட்டின் தகரத்தில் முதல் துளிகள் விழுந்த சத்தம் கேட்டதும், அவளுக்கு முன்னால் வந்துகொண்டிருந்த கண்ணாடி பாதி வழியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். ஷெட் முழுக்க நின்றிருந்தது. கண்ணாடி தூக்குகிறவர்கள் தூக்கியபடி நின்றார்கள். சூப்பர்வைசர் விசிலை உதட்டில் வைத்தபடி நின்றார். பச்சையப்பன் யாரையோ திட்ட ஓங்கிய கையோடு நின்றான், ஓங்கிய கைக்குக் கீழே அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஜார்க்கண்ட்காரனுக்குத் தமிழில் வா, போ தவிர ஒன்றும் தெரியாது. அவன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு "அன்பு, டேய் அன்பு" என்று தேம்பினான். அத்தனை பேரும் அழுதார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல், எல்லாரும் தெற்குப் பக்கம், குவாரி இருக்கிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்கள். துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சலாட்சி மட்டும் ஈரமில்லாத கண்ணோடு நடுவில் நின்றாள்.

பக்கத்து மேசைச் செல்லக்கிளி, போன வருஷம் கல்யாணமானவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "யக்கா, யாருக்கா அது? நீலச் சட்ட போட்டுகினு ஒரு புள்ள. அந்தச் சட்டயில மேல் பட்டன் மட்டும் வெள்ள நூல்ல தச்சிருக்கு. நனஞ்சிகினே நிக்கிதுக்கா. யாரு புள்ளக்கா அது?"

"எம் புள்ள" என்றாள் அஞ்சலாட்சி. நீல நூல் தீர்ந்துபோன ஒரு காலையில் அவசரமாக அந்தப் பட்டனைத் தைத்தது அவள்தான்.

செல்லக்கிளியின் முகம் மாறியது. நகர முடியாத உடம்பிலிருந்து கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தாள். "உன் புள்ளயா? அப்ப நீ ஏங்க்கா அழல?"

அழுகை எங்கேயிருந்து வரும் என்று அஞ்சலாட்சி தனக்குள் தேடிப் பார்த்தாள். பெருக்கி மெழுகிப் பூட்டிய வீடு மாதிரி சுத்தமாக இருந்தது. இத்தனை பேர் அழுகிறார்கள், தன் வீட்டுக் கட்டிலில் இந்நேரம் தணிகாசலம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அழுவான், அந்தக் குட்டையில் கிடந்த பிள்ளையைப் பெற்றவள் கையில் துணியை வைத்துக்கொண்டு கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்பதுதான் மெதுவாக, குளிர் மாதிரி, காலிலிருந்து மேலே ஏறியது. துணியை மேசையில் போட்டுவிட்டு, நின்றுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து நடந்து இண்டர்வியூ அறைக்குப் போனாள்.

கோகிலவாணி ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கிப்போயிருந்தது.

"மேடம், அத எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க."

"எடுத்துட்டுப் போயிருங்க" என்று கோகிலவாணி அழுதுகொண்டே சொன்னாள். "எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. ஆவணியிலிருந்து மழைச் சத்தம் கேட்டா துண்டைத் தேடறேன். யாருக்குத் துவட்டறதுன்னு தெரியாம துண்டைக் கையில வெச்சுட்டு நிக்கறேன். ஆனா எப்படிக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியலைங்களே." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "திரும்ப வாங்கிட்டா உங்களால இந்த வேலை செய்ய முடியாது. அது தெரியுமில்லைங்க?" என்றாள்.

"தெரியுங்க."

"வேலை வேணும்னுதானே வந்தீங்க?"

"வேணுந்தாங்க. வூட்டுல அவரு ஒண்டியா அழுவுறாரு மேடம். அது அவுரு புள்ள மட்டும் இல்லியே."

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்கிறவரிடமிருந்து போகிறது, அந்தப் பக்கம் வந்து தங்குகிறது. அந்த அறையில் நடந்ததெல்லாம் அதுதான். அஞ்சலாட்சிதான் முதலில் நகர்ந்தாள். கோகிலவாணியின் தோளைப் பிடித்து, நகராத அவள் உடம்பை மெல்லத் தூக்கி, மேசையைச் சுற்றி நடத்திக் கொண்டுவந்து, வேலை கேட்டு வருகிறவர்களின் நாற்காலியில் உட்கார வைத்தாள். தான் போய்ச் சக்கரம் வைத்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவள் பாரத்துக்குக் கொஞ்சம் பின்னால் உருண்டது.

"உங்களப் பத்தி சொல்லுங்க" என்றாள்.

கோகிலவாணி ஆரம்பத்தில் படிப்பைச் சொன்னாள், பார்த்த வேலைகளைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, யாருமே இதுவரை தன்னிடம் இந்தக் கேள்வியைப் பதில் வேண்டிக் கேட்டதில்லை என்பது போல, வேறு வேறு இடங்களுக்குப் போனாள். தறிச் சத்தம் கேட்கிற தெருவைச் சொன்னாள். மழை வந்தால் பஸ் ஸ்டாப்பில் குடையோடு வந்து நிற்கிற அப்பாவைச் சொன்னாள். ஒரு குடைதான் இருக்கும். அதை அவளுக்குப் பிடித்துவிட்டு அவர் நனைந்துகொண்டே வருவார். போன தை மாதம் அவர் செத்த சேதி வந்தபோது கம்பெனிக்கு ஆள் எடுக்கிற நாள், வெளியே ஊரே வரிசையில் நின்றது, எடுத்து முடித்துவிட்டுப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

"உங்க பலவீனம் இன்னாங்க?"

"மழைங்க" என்றாள் கோகிலவாணி. "மழை வந்தா ஒரு பையன் நனைஞ்சுட்டு நிக்கறான். நான் போகலை. எங்கப்பாவும் நிக்கறாருங்க. அவருகிட்டயும் நான் போகலை."

அது வந்தது. எங்கேயிருந்து போனதோ அந்த இடத்தைத் தேடிக்கொண்டு, வந்த வேகத்தில், பூட்டியிருந்த கதவை உடைத்துக்கொண்டு வந்தது. அஞ்சலாட்சி மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இரண்டு மாசத்து அழுகை ஒன்றாகச் சேர்ந்து வந்தது. வாழைக்காய் வறுவலும் ஆஸ்பத்திரியும் குட்டைக் கல்லும் பேப்பர்ச் செய்தியாக இருந்ததிலிருந்து எழுந்து, ஈரத்தோடு, அவன் வாசனையோடு வந்தன. "யப்பா அன்பு, என்னப் பெத்த ராசா" என்று அவள் போட்ட சத்தம் தகரத்து மழையைத் தாண்டிக் கேட்டது. ஷெட்டில் நின்றிருந்த கண்ணாடிகள் நகரத் தொடங்கின. சூப்பர்வைசர் விசில் ஊதினார். ஜார்க்கண்ட்காரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் எதற்கு அழுதோம் என்று தெரியாமல் வண்டியைப் பின்னால் எடுத்தான்.

அழுகைக்கு நடுவில் அஞ்சலாட்சிக்கு ஒன்று புரிந்தது. பையனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்றார். நரைத்த மீசை, கதர் சட்டை, கையில் கம்பி ஒடிந்த குடை. அவளுக்குத் தெரியாத மனிதர். அவருக்காகவும் அழுகை அதே மாதிரி வந்தது.

"மேடம்," என்று நகர முடியாமல் உட்கார்ந்தபடியே கூப்பிட்டாள், "உங்க அப்பாவும் எங்கிட்ட வந்துட்டாரு. இது உங்களுது. இப்பிடி வந்து உக்காருங்க, நான் சொல்லிடறேன், நீங்க வாங்கிக்குங்க."

கோகிலவாணி எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். முகம் கழுவி வந்தவள் போலத் தெளிவாக இருந்தாள். மழையைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"பரவாயில்லைங்க, இருக்கட்டும்" என்றாள். "எனக்கு இப்ப நல்லாயிருக்குது. மழை நின்னதும் லைனுக்குப் போயிருங்க."

மழைக்காலம் முடிவதற்குள் அஞ்சலாட்சியின் வேலை போயிற்று. ஊர் அவளைப் பைத்தியம் என்றது. தலைவலியைக் கூலி கொடுத்துத் திரும்ப வாங்கியவள் என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஆனாலும் பச்சையப்பனின் அம்மா ஒருநாள் மெதுவாக வந்து, எப்படி வாங்கினாய் என்று கேட்டாள். நாற்காலி மாறி உட்கார வேண்டும் என்று அஞ்சலாட்சி சொன்னாள். அந்தம்மா மகனைக் கூட்டிக்கொண்டு போனபோது கோகிலவாணிக்குப் பதவி உயர்ந்து வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. புதிதாக வந்திருந்தவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அஞ்சலாட்சி வீட்டிலேயே ரவிக்கை தைத்தாள். மழை பெய்தால் மிஷினில் கால் நின்றுவிடும். தணிகாசலம் கட்டிலிலிருந்து இறங்கி, மரத்த காலை இழுத்துக்கொண்டு வந்து, மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வான். அழும்போது அவள் இரண்டு பேருக்கு அழுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. "யாரு அந்த ஆளு?" என்று ஒருநாள் கேட்டான். அவள் சொன்னாள். "அந்தூருக்கு ஒருவாட்டி போயிட்டு வந்துடு. வச்சிகினே இருக்காத" என்றான்.

தை பிறந்ததும் கல்யாணியை அப்பாவுக்குத் துணையாக வைத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள். ஊரின் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நெஞ்சு சொன்னது. தறிச் சத்தம் கேட்கிற தெருவில் பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றபோது கால் தானாக நின்றது. கதவைத் திறந்தது ஒரு வயதான அம்மாள், வெறும் நெற்றி.

"யாருங் கண்ணு? யாரைப் பாக்கோணும்?"

"துக்கம் கேக்க வந்தேங்க" என்றாள் அஞ்சலாட்சி. "உங்க வூட்டுக்காரரு போனதுக்கு."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வருஷம் ஒன்று ஆகிவிட்ட சாவுக்கு, யாரென்றே தெரியாத ஒருத்தி, இத்தனை தூரத்திலிருந்து. ஆனால் வந்தவளின் முகத்தில் இருந்தது நிஜமான துக்கம். அதை அந்த அம்மாள் இந்த ஒரு வருஷத்தில் வேறு எந்த முகத்திலும் பார்க்கவில்லை, போனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிற தன் மகளின் குரலில்கூட.

"எம் பொண்ணு அனுப்புனாளா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் கண் அஞ்சலாட்சிக்குப் பின்னால் தெருவைத் தேடியது.

அஞ்சலாட்சி படியில் கால் வைத்தாள்.

"ஆமாங்கம்மா. அவங்கதான் குடுத்து அனுப்புனாங்க" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே மழையில்லை, நல்ல வெயில் அடித்தது. இருவரும் சத்தம் போட்டு அழுதார்கள். தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது.